பச்சை விளக்கு எரிகிறது, நெட் வரவில்லை

“லைட் எரியுது சார், ஆனா நெட் வரலை.” நெட்வொர்க் வேலை பார்க்கிற யாருக்கும் இந்த வரி மனப்பாடம். இதைக் கேட்டதும் கேபிளைக் கழற்றி மாட்டச் சொல்கிறவர்கள் உண்டு, ஸ்விட்சை அணைத்துப் போடச் சொல்கிறவர்களும் உண்டு. நான் இரண்டையும் சொல்வதில்லை. போர்ட்டில் விளக்கு எரிந்தால் கம்பி ஒழுங்காக இருக்கிறது, இரு முனையிலும் கருவிகள் உயிரோடு இருக்கின்றன என்று மட்டும்தான் அர்த்தம். அந்தப் போர்ட் எந்த விலேனில் நிற்கிறது, அந்த விலேன் மாடியிலிருந்து சர்வர் அறை வரை போய்ச் சேர்கிறதா என்பதெல்லாம் விளக்குக்குத் தெரியாது.

அதை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதுதான் இந்தப் பதிவு. நான் அதிகம் பழகியது சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகளோடு என்பதால் கட்டளைகள் அந்தப் பக்கமே இருக்கும். மற்ற கம்பெனி ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் கட்டளையை மாற்றிக்கொண்டால் போதும், தேடும் முறை மாறாது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே லேனைப் பல தனித்தனி லேன்களாகப் பிரிக்கும் விலேன் என்ற யோசனை 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் டேவிட் சின்கோஸ்கி செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது. எல்லாக் கம்பெனிகளின் ஸ்விட்சும் ஒன்றோடொன்று பேசும்படி ஐஇஇஇ அமைப்பு 802.1க்யூ என்ற தரத்தை வெளியிட்டது 1998-ல். அதன்படி, கம்ப்யூட்டர் மாட்டும் ஆக்சஸ் போர்ட்டில் ஃபிரேம் வெறுமனே போய்வரும். உள்ளே வந்ததும் அது எந்த விலேனைச் சேர்ந்தது என்று ஸ்விட்ச் தானே வைத்துக்கொள்ளும். ஸ்விட்சையும் ஸ்விட்சையும் இணைக்கும் ட்ரங்க் போர்ட்டில் பல விலேன்கள் ஒரே கம்பியில் போவதால், ஒவ்வொரு ஃபிரேமிலும் அனுப்புநரின் மேக் முகவரிக்கு அடுத்து 4 பைட் டேக் ஒன்று செருகப்படும். அந்த டேக்கில் விலேன் எண்ணுக்கு ஒதுக்கியது 12 பிட். கணக்குப்படி 4096 எண்கள் வரும்; 0, 4095 இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டதால் நமக்குக் கிடைப்பது 1 முதல் 4094 வரை. 1518 பைட்டாக இருந்த பெரிய ஃபிரேம், டேக் ஏறியதும் 1522 ஆகிறது.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதில் வரும் கோளாறுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் பிறக்கின்றன: ஒரு கம்பியின் இந்த முனை நினைத்துக்கொண்டிருப்பதும் அந்த முனை நினைத்துக்கொண்டிருப்பதும் வேறுவேறாக இருக்கும். ஒரு முனையை மட்டும் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அதனால்தான் இந்த வேலையில் மணிக்கணக்கில் நேரம் போகிறது.

ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். தரைத்தளத்தில் கோர் ஸ்விட்ச், முதல் மாடியில் ஒன்று, இரண்டாம் மாடியில் புதிதாக மாட்டிய ஒன்று. ஒன்றுக்கு அடுத்து ஒன்று என்று சங்கிலியாக இணைத்திருந்தார்கள். அலுவலகத்துக்கு விலேன் 20, லேபுக்கு விலேன் 30. புதிய லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கும் ஐபி கிடைக்கவில்லை. அங்கிருந்த தம்பி போன் செய்தான்.

“அண்ணா, எல்லா சிஸ்டத்துலயும் 169.254-னுதான் ஐபி வருது. போர்ட்டெல்லாம் விலேன் 30-லதான் போட்டிருக்கேன். அப்லிங்க்கும் நல்லாருக்கு, கீழேருந்து இந்த ஸ்விட்சுக்குப் பிங் போகுது.”

169.254 என்று வந்தால் டிஎச்சிபி சர்வர் பதில் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒரு முகவரியை எடுத்துக்கொண்டது என்று பொருள். அது சரி. தம்பி சொன்னதில் என் காதில் தட்டியது அந்தப் பிங். ஸ்விட்சின் மேனேஜ்மென்ட் ஐபி விலேன் 1-ல் இருக்கிறது. பிங் போகிறது என்றால் விலேன் 1 போகிறது, அவ்வளவே. விலேன் 30 போகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை.

“கான்ஃபிக்கை விடு. ஏழாம் போர்ட்ல இருக்கிற சிஸ்டத்தோட மேக்கைப் பாரு. ‘ஷோ மேக் அட்ரஸ் டேபிள் இன்டர்ஃபேஸ்’ போட்டு எந்த விலேன்ல கத்துக்கிட்டிருக்குன்னு சொல்லு.”

“30-னு காட்டுது அண்ணா.”

“சரி, இப்ப அதே மேக்கை முதல் மாடி ஸ்விட்ச்சுல தேடு.”

“எதுவுமே வரலையே.”

இந்த இரண்டு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. இரண்டாம் மாடி ஸ்விட்சுக்குள் ஃபிரேம் ஒழுங்காக வந்து, சரியான விலேனிலும் விழுந்திருக்கிறது. முதல் மாடிக்கு இறங்கவில்லை. ஆக, ஆக்சஸ் போர்ட்டில் குற்றமில்லை, அப்லிங்க்கில்தான் கோளாறு. என்னைக் கேட்டால், ட்ரங்க் ஆக்சஸ் தகராறுகளில் மேக் அட்ரஸ் டேபிளை மிஞ்சிய கருவி கிடையாது. கான்ஃபிக் என்பது நாம் ஆசைப்பட்டது. மேக் டேபிள் என்பது உண்மையில் நடந்தது. கம்ப்யூட்டரில் தொடங்கி டிஎச்சிபி சர்வர் இருக்கும் ஸ்விட்ச் வரை ஒவ்வொரு படியிலும் அந்த மேக் எந்த விலேனில், எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், எங்கே மறைகிறதோ அல்லது எங்கே விலேன் எண் மாறுகிறதோ அங்கே நின்றுவிடலாம். மேக் டேபிளில் ஒரு பதிவு சும்மா இருந்தால் 300 விநாடியில் அழிந்துவிடும், அதனால் தேடும்போது அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஏதாவது போய்க்கொண்டிருக்க வேண்டும். ஐபி புதுப்பிக்கும் கட்டளையை ஒருமுறை தட்டினாலே போதும்.

அப்லிங்க்குக்கு வந்தோம். “ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்” போட்டால் அந்தப் போர்ட் பட்டியலிலேயே இல்லை. “ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்விட்ச்போர்ட்” போட்டுப் பார்த்தால் அட்மினிஸ்ட்ரேட்டிவ் மோட் என்ற வரியில் டைனமிக் ஆட்டோ, ஆபரேஷனல் மோட் என்ற வரியில் ஸ்டாட்டிக் ஆக்சஸ். மறுமுனையிலும் அச்சு அசலாக இதே இரண்டு வரிகள்.

சிஸ்கோ ஸ்விட்சுகளில் டிடிபி என்றொரு நெறிமுறை இருக்கிறது. இரு முனைகளும் பேசி, ட்ரங்க் ஆகலாமா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்துகொள்ளும். டைனமிக் டிசைரபிள் என்று வைத்த முனை தானாகக் கேட்கும். டைனமிக் ஆட்டோ என்று வைத்த முனை, எதிராளி கேட்டால் சம்மதிக்கும், தானாகக் கேட்காது. இரண்டு முனையும் ஆட்டோவாக இருந்தால் இருவருமே காத்திருப்பார்கள், ட்ரங்க் உருவாகவே உருவாகாது. 2960 மாதிரியான கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகள் பெட்டியிலிருந்து வரும்போதே ஆட்டோவில்தான் வருகின்றன. அப்படியே மாட்டினால் இரண்டும் விலேன் 1 ஆக்சஸ் போர்ட்டாக உட்கார்ந்துகொள்ளும். விலேன் 1-ல் இருக்கும் மேனேஜ்மென்ட் ஐபிக்கு மட்டும் பிங் போகும். தம்பி கண்டது அதைத்தான்.

டிடிபியை நம்பி எந்த இணைப்பையும் விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரு முனையிலும் “ஸ்விட்ச்போர்ட் மோட் ட்ரங்க்” என்று கையால் எழுதி, “ஸ்விட்ச்போர்ட் நான்நெகோஷியேட்” போட்டு டிடிபியை நிறுத்திவிட வேண்டும். கம்ப்யூட்டர் மாட்டும் போர்ட் ஒவ்வொன்றிலும் “ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்” என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். விலேன் எண்ணை மட்டும் எழுதிவிட்டு மோடை எழுதாமல் விட்டால் அந்தப் போர்ட் இன்னும் டைனமிக்தான். அங்கே யாராவது ஒரு ஸ்விட்சையோ, டிடிபி பேசத் தெரிந்த லேப்டாப்பையோ மாட்டினால் ட்ரங்க் ஆகிவிடும், உங்கள் விலேன்கள் அத்தனையும் அந்த ஒரு சாக்கெட்டில் திறந்துகிடக்கும்.

கல்லூரிக்குத் திரும்புவோம். இரு முனையும் ட்ரங்க் ஆயின. லேபில் இன்னும் ஐபி வரவில்லை. அதே மேக் இப்போதும் முதல் மாடி ஸ்விட்ச்சில் எந்த விலேனிலும் இல்லை. இங்கேதான் “ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்” கட்டளையின் அருமை தெரியும். அது நான்கு துண்டுகளாக விடை தருகிறது. நிறையப் பேர் முதல் துண்டில் ட்ரங்கிங் என்ற சொல்லைப் பார்த்ததும் திருப்தியாகி எழுந்துவிடுகிறார்கள். முதலாவதில் இருப்பது மோட், நேட்டிவ் விலேன். இரண்டாவது, இந்த ட்ரங்க்கில் நாம் அனுமதித்த விலேன்கள். மூன்றாவது, அனுமதித்தவற்றில் இந்த ஸ்விட்சில் உண்மையில் உருவாக்கப்பட்டு உயிரோடு இருக்கும் விலேன்கள். நான்காவது, அவற்றிலும் ஸ்பானிங் ட்ரீ தடுக்காமல் திறந்துவைத்திருக்கும் விலேன்கள். கீழே போகப்போக வடிகட்டிக்கொண்டே போகிறது. உங்கள் விலேன் எந்தத் துண்டில் காணாமல் போகிறதோ அதுதான் காரணம்.

முதல் மாடி ஸ்விட்சில் இரண்டாவது துண்டு 1 முதல் 4094 வரை என்று காட்டியது. மூன்றாவது துண்டில் 1, 20 மட்டும். அந்த மாடியில் லேப் கிடையாது, விலேன் 30-ல் ஒரு போர்ட்டும் வேண்டியிருக்கவில்லை, அதனால் அங்கே யாரும் விலேன் 30-ஐ உருவாக்கவே இல்லை. இரண்டாம் மாடியில் போர்ட்டுக்கு விலேன் 30 கொடுத்தபோது அந்த ஸ்விட்ச் தானே அதை உருவாக்கிக்கொண்டது. நடுவில் நிற்கும் ஸ்விட்சுக்கு யார் சொல்வது? தனக்குத் தெரியாத விலேன் எண்ணோடு வரும் ஃபிரேமை அது கைவிட்டுவிடும். “விலேன் 30” என்று ஒரு வரி எழுதி, பெயர் வைத்ததும், கொஞ்ச நேரத்தில் லேப் முழுக்க ஐபி வந்துவிட்டது. தம்பி போனை வைக்காமலே ஒவ்வொரு சிஸ்டமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. உபயோகத்தில் இருக்கும் ஒரு விலேனை யாராவது அழித்துவிட்டால், அதில் இருந்த ஆக்சஸ் போர்ட்டுகள் விலேன் 1-க்குத் திரும்பிப் போவதில்லை. “ஷோ விலேன் ப்ரீஃப்” பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். ட்ரங்க் போர்ட்டுகளும் அந்தப் பட்டியலில் வராது என்பதால், காணாமல் போன போர்ட்டை ட்ரங்க் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் அதிகம். ஸ்விட்ச்போர்ட் கட்டளையில் பார்த்தால் விலேன் எண்ணுக்குப் பக்கத்தில் இனாக்டிவ் என்றிருக்கும். விலேன் பட்டியலை ஸ்விட்சுகளுக்குள் தானே பரப்பும் பழைய விடிபி முறை ஓடும் இடத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. அதே டொமைன் பெயரும் பெரிய ரிவிஷன் எண்ணும் கொண்ட ஒரு பழைய ஸ்விட்சைக் கொண்டுவந்து மாட்டினால், அதன் விலேன் பட்டியல் மற்ற எல்லா ஸ்விட்சின் பட்டியலையும் மாற்றி எழுதிவிடும். ஒரே நொடியில் கட்டடம் முழுக்கப் போர்ட்டுகள் இனாக்டிவ் ஆகும். விடிபி தேவையில்லாத இடத்தில் ட்ரான்ஸ்பரன்ட் மோடில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது, “ஆட்” என்ற ஒற்றைச் சொல். ட்ரங்க்கில் 10, 20, 30 ஓடிக்கொண்டிருக்கிறது, புதிதாக 40 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். “ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலேன் ஆட் 40” என்று எழுத வேண்டும். ஆட் இல்லாமல் எழுதினால், ஏற்கெனவே இருந்த பட்டியல் அழிந்து 40 மட்டும் மிஞ்சும். எச்சரிக்கை வராது, உறுதிசெய்யச் சொல்லிக் கேட்காது. நீங்கள் அந்த ட்ரங்க் வழியாகவே தொலைவிலிருந்து நுழைந்திருந்தால் உங்கள் திரையும் அத்தோடு உறைந்துவிடும்.

இதற்காக ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருக்கும் ஸ்விட்சில் ட்ரங்க்கைத் தொடும் முன் “ரீலோட் இன் 10” என்று கொடுங்கள். கான்ஃபிக்கைச் சேமிக்கவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேலை நல்லபடியாக முடிந்தால் “ரீலோட் கேன்சல்”, பிறகு சேமிப்பு. கை தவறி இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே திரும்ப எழுந்து பழைய கான்ஃபிக்கோடு வந்து நிற்கும். இரண்டு முனையையும் மாற்ற வேண்டியிருந்தால் எப்போதும் தொலைவில் இருக்கும் முனையை முதலில் மாற்றுங்கள்.

நேட்டிவ் விலேன் கோளாறு வேறு ரகம். ட்ரங்க்கில் டேக் இல்லாமல் வரும் ஃபிரேமை எந்த விலேனில் போடுவது என்பதற்கான ஏற்பாடு அது. கதவு எண் எழுதாமல் வரும் கூரியரை வாட்ச்மேன் வழக்கமாக ஒரு வீட்டில் கொடுத்துவிடுவது போல. இந்த முனையில் நேட்டிவ் 1, அந்த முனையில் 99 என்றிருந்தால், இங்கே விலேன் 1-ல் புறப்பட்ட ஃபிரேம் அங்கே விலேன் 99-ல் இறங்கும். இரு முனையும் சிஸ்கோவாக இருந்தால், பக்கத்துக் கருவியை அறிந்துகொள்ளும் சிடிபி நெறிமுறை வழியாக நேட்டிவ் விலேன் மிஸ்மேட்ச் என்று லாகில் திரும்பத் திரும்ப எழுதும். ஸ்பானிங் ட்ரீயும் இதைக் கண்டுபிடித்து, சம்பந்தப்பட்ட விலேன்களை மட்டும் அந்தப் போர்ட்டில் தடுத்துவைக்கும். மற்ற விலேன்கள் தொடர்ந்து ஓடும். அலுவலகம் முழுக்க நெட் இருக்கிறது, மேனேஜ்மென்ட் மட்டும் எட்டவில்லை என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும். ஒரு முனையில் வேறு கம்பெனி ஸ்விட்ச் இருந்தால் அந்த லாகும் வராது, இரண்டு திரையையும் திறந்துவைத்து நாமே ஒப்பிட வேண்டியதுதான்.

வேறு கம்பெனி என்றதும் இன்னொன்று. எச்பி ப்ரோகர்வ் வழிவந்த ஸ்விட்சுகளில் ட்ரங்க் என்றால் பல கம்பிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது. சிஸ்கோவில் அதற்கு ஈதர்சேனல் என்று பெயர். நாம் தேடும் ட்ரங்க் அங்கே டேக்டு, அன்டேக்டு என்ற இரண்டு கட்டளைகளாக, போர்ட்டின் கீழே இல்லாமல் விலேனின் கீழே இருக்கும். சிஸ்கோ பழக்கத்தில் போய் அங்கே ட்ரங்க் போட்டால் விளைவு விபரீதமாக இருக்கும்.

சின்ன அலுவலகங்களில் இருக்கும், பிரவுசரில் திறந்து மாற்றும் மலிவு விலை ஸ்விட்சுகளில் அதிகம் கஷ்டப்படுத்துவது பிவிஐடி. போர்ட்டை விலேன் 20-ல் அன்டேக்டு என்று ஒரு பக்கத்தில் டிக் செய்வோம். அது வெளியே போகும் ஃபிரேமுக்கான விதி. உள்ளே வரும் ஃபிரேம் எந்த விலேனில் விழும் என்பதை பிவிஐடி என்ற வேறொரு பக்கம் தீர்மானிக்கிறது. பல மாடல்களில் அதை நாமே தனியாக 20 என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கம்ப்யூட்டர் அனுப்புவது விலேன் 1-க்குப் போகும், அதற்கு வருவது விலேன் 20-லிருந்து. போதாக்குறைக்கு அந்தப் போர்ட்டை விலேன் 1 பட்டியலிலிருந்தும் எடுக்காமல் விட்டிருப்பார்கள். கம்ப்யூட்டருக்கு விலேன் 1-ன் ஐபி கிடைத்து, பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. அன்டேக்டு, பிவிஐடி, விலேன் 1-லிருந்து நீக்கம் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும்.

ஐபி போன், வைஃபை, விர்ச்சுவல் மெஷின் மூன்றிலும் போர்ட் ஆக்சஸா ட்ரங்க்கா என்ற கேள்வி கொஞ்சம் மங்கலாகிவிடும். போனுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் மாட்டினால், போர்ட் ஆக்சஸ்தான், ஆனால் போன் தன் பேச்சை வாய்ஸ் விலேன் டேக்கோடு அனுப்பும். எந்த எண் என்று அது சிடிபி அல்லது எல்எல்டிபி வழியாகத் தெரிந்துகொள்கிறது. கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகள் பலவற்றில் எல்எல்டிபி இயல்பாக நிறுத்தியே இருக்கும். சிடிபி தெரியாத வேறு கம்பெனி போன் அங்கே டேட்டா விலேனில் போய் உட்கார்ந்துவிடும். “எல்எல்டிபி ரன்” கொடுங்கள். வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டில், ட்ராஃபிக் முழுக்கக் கன்ட்ரோலருக்குச் சுரங்கம் வழியாகப் போனால் ஆக்சஸ் போர்ட் போதும். ஒவ்வொரு எஸ்எஸ்ஐடியையும் அங்கேயே ஒரு விலேனில் இறக்குவதாக இருந்தால் ட்ரங்க் வேண்டும். வைஃபை பெயர் தெரிகிறது, பாஸ்வேர்ட் ஏற்கிறது, ஐபி மட்டும் வரவில்லை என்றால் முதலில் அந்தப் போர்ட்டைப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷின் ஒரு ஹோஸ்ட்டில் நன்றாக ஓடி, இன்னொரு ஹோஸ்ட்டுக்கு நகர்ந்ததும் நெட் போனால், இரண்டாவது ஹோஸ்ட்டின் ட்ரங்க்கில் அந்த விலேன் விட்டுப்போயிருக்கும்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையா, கம்பியில் என்ன ஓடுகிறது என்றே பார்த்துவிடலாம். லினக்ஸ் லேப்டாப்பை மாட்டி “டிசிபிடம்ப்” கட்டளையை “மைனஸ் இ” சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு ஃபிரேமின் விலேன் எண்ணும் தெரியும். விண்டோஸில் வயர்ஷார்க்கைத் திறந்து டேக் தெரியவில்லை என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அங்கே பல நெட்வொர்க் கார்டுகளின் டிரைவரே டேக்கை உரித்துவிட்டுத்தான் மேலே கொடுக்கும்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ட்ரங்க் போர்ட்டிலும் டிஸ்க்ரிப்ஷன் வரியை எழுதுங்கள்: எதிர்முனை எந்த ஸ்விட்ச், எந்தப் போர்ட், எந்தெந்த விலேன். எழுத அரை நிமிடம்கூட ஆகாது. உங்களுக்குப் பிறகு அந்த ரேக்கைத் திறக்கப்போகும் பையனுக்கு வேறு வரைபடம் எதுவும் கிடைக்கப்போவதில்லை. அப்படியே இந்த வாரம் நேரம் ஒதுக்கி, உங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒவ்வொரு அப்லிங்க்கின் இரு முனையிலும் “ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்” ஓட்டி, நான்கு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாத எண் கண்ணில் பட்டால், புகார் வரும் வரை காத்திராமல் அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.